மொரீஷியஸில் தமிழ் ஆட்சி மொழியா?

"மொரீஷியஸின் ஆட்சி மொழி தமிழ், மக்களில் பாதிப் பேர் தமிழர்" என்றொரு செய்தி ரூபாய் நோட்டுப் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் உண்மைதான், செய்தி தவறு.

நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் அந்த வரிசையை மாற்றி தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அரசியலமைப்பின் 49வது பிரிவு நாடாளுமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் பேசலாம். வீட்டில் பெரும்பாலானோர் பேசுவது கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து உருவான ஒரு கலப்பு மொழி.

 டச்சுக்காரர் குடியேறும்வரை மொரீஷியஸ் ஆளில்லாத தீவு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக் கைவினைஞர்கள் போனார்கள், அப்புறம் ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்டக் கூலிகள். இந்திய வம்சாவளியினர்தான் பெரும்பான்மை. அவர்களில் தமிழர் ஒரு சிறு பகுதி. இருந்தும் தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை, நமக்குப் பெருமைதான்! 

மொரீஷியஸ் நாடாளுமன்றம், புள்ளியியல் துறை இணையதளங்களில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.