வாசிக்கக் கூப்பிடுங்கள், மாட்டிக்கொண்டு நிற்க அல்ல

பழைய பாட்டு விழா ஒன்றில் எங்கள் அக்கார்டியன் மாஸ்டர் மேடையில் நின்ற அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத நண்பர்களே இல்லை. "மாஸ்டரைப் பாருங்க, இந்த வயசிலும் என்ன கம்பீரம்!" என்று கூடவே நாலு இதயம். நானும் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்களில் எத்தனை பேர் அவர் மார்பில் இருந்த அக்கார்டியனைப் பார்த்தீர்கள்?

அக்கார்டியனின் நடுவில் விரிந்து சுருங்கிக் காற்றைத் தள்ளும் மடிப்புத் துருத்திதான் பெல்லோஸ். அது விரியாமல் மூடி வைக்க மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சின்ன வார் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டியதும் முதல் வேலை அந்த இரண்டையும் அவிழ்ப்பதுதான். வீடியோவில் இரண்டும் பூட்டியே இருக்கின்றன. பாட்டு தொடங்குகிறது, வரிகளுக்கு நடுவே வரும் அந்தப் புகழ்பெற்ற இடையிசை, இன்டர்லூட், வருகிறது, கூட்டம் விசிலடிக்கிறது, மாஸ்டரின் விரல்கள் கட்டைகளின் மேல் சரியான இடத்தில் சரியாக ஓடுகின்றன. பெல்லோஸ் ஒரு அங்குலம்கூட விரியவில்லை. காற்று போகாமல் அக்கார்டியன் பேசாது. சத்தம் வந்தது பின்னால் இருந்த கீபோர்டிலிருந்து.

அந்தக் கீபோர்டு பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. சொன்னதைச் செய்தான். எந்த விழா, யார் நடத்தினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெயர் போட்டு அவர்களுக்கு விளம்பரம் கொடுக்க நான் தயாரில்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அக்கார்டியன் கலைஞரை மேடைக்குக் கூப்பிட்டால் வாசிக்கக் கூப்பிடுங்கள். மாட்டிக்கொண்டு நிற்கக் கூப்பிடாதீர்கள்.

நான் கீபோர்டு வாசிப்பவன். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். கீபோர்டில் அக்கார்டியன் டோன் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது எங்கே தோற்கும் என்று வாசிக்கிற எங்களுக்குத் தெரியும். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் அந்த ஸ்வரத்தின் தலையெழுத்து அந்த நொடியிலேயே எழுதப்பட்டுவிடும். பிறகு பெடலை மிதித்து, வீலைத் திருப்பி ஏதோ சமாளிக்கலாம். அக்கார்டியனில் அப்படி இல்லை. கட்டையை அமுக்கிய பிறகுதான் ஸ்வரம் பிறந்து வளர ஆரம்பிக்கிறது. மெதுவாக இழுத்தால் கிசுகிசுக்கும், அழுத்தி இழுத்தால் கத்தும், இடது மணிக்கட்டை லேசாக உதறினால் நடுங்கும். எங்கே இழுப்பு முடிந்து தள்ளல் தொடங்க வேண்டும் என்பதை வாசிப்பவர் பாட்டின் வரியைப் பார்த்து முடிவு செய்கிறார். மாஸ்டர் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, "பாடுறவன் எங்க மூச்சு எடுக்கிறானோ அங்கதான்டா பெல்லோஸைத் திருப்பணும்" என்பார். அந்த மூச்சைத்தான் அன்றைக்கு மேடையில் வார் போட்டுக் கட்டி வைத்தார்கள்.

மாஸ்டர் யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பெயரை எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. வடசென்னைக்காரர். இருபது வயதிலேயே மெல்லிசைக் குழுவில் சேர்ந்தவர். எம்.எஸ்.வி. குழுவில் அக்கார்டியன் என்றால் மங்களமூர்த்தி என்று இசைக்காரர்களுக்குத் தெரியும். அவர் ரெக்கார்டிங்கில் வாசித்ததை ஊர் ஊராக மேடையில் வாசித்துக் காட்டியவர்கள் மாஸ்டரைப் போன்றவர்கள். அக்கார்டியனில் பெரிய ஆட்கள் என்று பம்பாயில் கூடி சீர்வாய், கெர்சி லார்ட், புனேயில் ஈனாக் டேனியல்ஸ் என்று மாஸ்டர் வரிசையாகச் சொல்வார். ஈனாக் டேனியல்ஸின் இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டு வாசிப்பைப் பிடித்ததாகச் சொல்வார். அந்தக் காலப் படங்களின் டைட்டிலில் இசையமைப்பாளர் பெயர் வரும், அதிகம் போனால் உதவியாளர் பெயர் வரும். வாசித்தவர் பெயர் வராது. படத்தில் கதாநாயகன் ஸ்டைலாக அக்கார்டியனை மாட்டிக்கொண்டு ஆடுவார், வாசித்தவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பார். சரி, அது சினிமா, அதில் நடிப்புதான் தொழில். இப்போது வாசித்தவரையே நடிக்க வைத்திருக்கிறார்கள்.

மாஸ்டரிடம் இருப்பது பழைய கிழக்கு ஜெர்மனியில் செய்த வெல்ட்மைஸ்டர். இடது கைக்கு 120 பேஸ் பட்டன், வலது கைக்கு 41 கட்டை. பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். குழுவோடு வேனில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து திருவிழாக் கச்சேரிக்குப் போவோம். ட்ரம்ஸ், ஸ்பீக்கர் எல்லாம் வேன் மேலே ஏறும். அக்கார்டியன் மட்டும் ஏறாது. காற்றில் அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய உலோக நாக்குகள்தான் ரீட். உள்ளே அவற்றை மெழுகு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். வெயிலில் காய்ந்தால் மெழுகு இளகி ரீட் கழன்று விழும். அதனால் பெட்டி மாஸ்டரின் மடியில் வரும். தூக்கத்தில் அவர் தலை சாயும், கை மட்டும் பெட்டியைவிட்டு அகலாது.

சென்னைக் கடற்காற்றில் எஃகு ரீட் துருப்பிடிக்கும். சுருதி விலகும். ரிப்பேருக்கு ஆள் தேடி அலுத்துப்போய் அவரே கற்றுக்கொண்டார். வாசலில் ஸ்டூல் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகி, ஊசிமுனையால் சுரண்டுவார். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஒரு இழை கூடுதலாகச் சுரண்டிவிட்டால் அந்த ரீட் பாழ். ஒவ்வொரு ரீட்டுக்கும் சுரண்டு, ஊது, கேள், மறுபடி சுரண்டு. நூற்றுக்கணக்கான ரீட் இருக்கும் வாத்தியத்துக்கு இதைச் செய்தவர் அவர். விழாக்காரர்களே, நீங்கள் கூப்பிட்ட அன்றும் சுருதி பார்த்துத்தான் எடுத்து வந்திருந்தார். அவர் மகள் என்னிடம் சொன்னாள். ஒரு வாரமாக வீட்டில் ரீட் சத்தம்தானாம். சுருதி சேர்த்துக் கொண்டுவந்தவரிடம், "ஐயா, அதைத் திறக்காதீங்க, மைக்ல இடிக்கும்" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இனி நான் எதிர்பார்க்கிற பதில்கள். சில ஏற்கெனவே உள்பெட்டிக்கு வந்துவிட்டன.

"அவர் சம்மதித்துத்தானே வந்தார்?" ஆமாம். பல வருஷமாக மேடை ஏறாத மனிதரிடம் மேடை ஏறிய பிறகு சொன்னால் சம்மதிக்காமல் என்ன செய்வார்? கீழே பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கிப் போகவா முடியும்? அதற்குப் பெயர் சம்மதம் என்றால் எனக்கு மேலே பேச ஒன்றுமில்லை.

"சவுண்ட் பிரச்சினை." வலது கைக்கு ஒரு மைக், இடது கைக்கு ஒரு மைக். அவ்வளவுதான். ஒற்றை மைக்கில், கரகரக்கும் ஆம்ப்ளிஃபையரில், கோயில் திடலில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி வாசித்த வாத்தியம் இது.

"மேற்கத்திய வாத்தியம், கமகம் வராது, காலம் முடிந்தது." கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து வளைத்து வாசிப்பது. இதைச் சொல்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கமகம் வராது, நம் இசைக்கு ஒத்துவராது என்றுதான் சொன்னார்கள். முப்பது வருஷம் கழித்துத்தான் தடை தளர்ந்தது. அதற்குள் ஆர்மோனியம் அழிந்துவிட்டதா? நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் ஜாம் ஜாம் என்று இருந்தது. அக்கார்டியன் அதன் உடன்பிறப்பு. இரண்டிலும் பேசுவது காற்றில் அதிரும் ரீட்தான். மாண்டலினை ஸ்ரீநிவாஸும் சாக்ஸஃபோனைக் கத்ரி கோபால்நாத்தும் கச்சேரி மேடையில் உட்கார வைத்தபோது எங்கே போயிற்று இந்த "மேற்கத்திய" கவலை? அக்கார்டியனில் கமகம் கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று வாசிக்கச் சொன்னது தோடி ஆலாபனையா? அந்த வாத்தியத்துக்காகவே எழுதப்பட்ட சினிமா இன்டர்லூட்!

கடைசியாக, என்னை ரொம்பக் காயப்படுத்திய பதில். "அவருக்குக் கை நடுங்குது சார், வாசிச்சா தப்பு வரும், அவமானப்படுவாரேன்னுதான் நாங்க காப்பாத்தினோம்."

கொலம்பியாவில் வய்யெதுபார் என்று ஒரு ஊர். 1968 முதல் அங்கே அக்கார்டியன் திருவிழா நடக்கிறது. அவர்கள் வாசிப்பது பட்டன் வைத்த மூன்று வரிசை அக்கார்டியன். அதுவும் ஜெர்மனியிலிருந்து போனதுதான். ஆனால் அதை வைத்து அவர்கள் ஊர்க் கதைகளைப் பாடி, வய்யெனாத்தோ என்ற தங்கள் இசையாகவே ஆக்கிக்கொண்டார்கள். போட்டியில் பாசேயோ, சோன், மெரெங்கே, பூயா என்று நான்கு வகையிலும் வாசித்துக் காட்ட வேண்டும். ஜெயிப்பவருக்கு மன்னர் பட்டம். முதல் மன்னர் அலெஹோ துரான், பண்ணையில் மாடு மேய்த்தவர். 1987இல் மன்னர்களுக்குள்ளேயே போட்டி வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 68. கூட்டம் முழுக்க அவர் பக்கம். வாசித்துக்கொண்டிருந்தவர் பேஸில் ஒரு இடத்தில் தவறினார். பெரும்பாலானவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவர் நிறுத்தினார். தவறிவிட்டேன், என்னை நானே போட்டியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன் என்று மேடையிலேயே அறிவித்தார். அன்று பட்டம் வேறொருவருக்குப் போனது. அந்த ஊர் இன்றுவரை பெருமையாகச் சொல்வது துரானின் கதையை.

தவறு வந்தால் அவமானம் என்று யார் சொன்னது? வாசித்துத் தவறுவது கலைஞனின் உரிமை. எழுபது வயதைத் தாண்டியவரின் கை நடுங்கினால் நடுங்கட்டும். அந்த நடுக்கத்தோடு வருகிற இன்டர்லூடைக் கேட்கத்தானே வந்தோம்? பிசிறில்லாமல் வேண்டுமென்றால் வீட்டில் யூடியூப் இருக்கிறது. அவர் நடுக்கத்தை மறைத்ததாகச் சொல்கிறீர்கள். நீங்கள் மறைத்தது அவர் வாசிப்பை.

இன்னொன்றும் கேட்கிறேன். அவருக்கு வாசிக்க வராது என்று யார் போய்ப் பார்த்தீர்கள்? மெல்லிசைக் குழுக்களில் 80களின் பின்பாதியில் கீபோர்டு வந்தது. ஒரே ஆள் ஃப்ளூட், வயலின், அக்கார்டியன் எல்லாம் வாசித்துவிடலாம், சம்பளம் மிச்சம். மாஸ்டருக்கும் அழைப்பு குறைந்தது. ஆனால் அவர் வாத்தியத்தை மூடி வைக்கவில்லை. டிசம்பர் வந்தால் அவர் சர்ச் சபைக்காரர்களின் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு அவர்தான். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் விடிய விடியத் தெருத் தெருவாக நடை. கீபோர்டுக்கு ஸ்டாண்டு வேண்டும், கரண்ட் வேண்டும். அக்கார்டியனுக்கு ஒரு ஜோடி தோள் போதும். வீட்டு வாசலில் நின்று சுருதி கொடுத்ததும் பிள்ளைகள் பாட ஆரம்பிப்பார்கள்; ஒரு வீட்டில் சுக்குக் காபி, அடுத்த வீட்டில் கேக். துக்க வீட்டு ஜெபத்துக்கும் அவர்தான், கல்யாண வரவேற்புக்கும் அவர்தான். அந்தத் தெருக்களில் யாரும் அவரைக் "கலைமாமணி ரேஞ்சு ஆளு" என்று புகழ்ந்ததில்லை. ஆனால் யாரும் அவரைச் சும்மா நிற்க வைத்ததும் இல்லை. போன டிசம்பரில்கூட வாசித்தார். நடுங்கும் கையோடுதான்.

நானும் ஒரு வருஷம் கூடப் போயிருக்கிறேன். பாதி ராத்திரிக்கு மேல் தோள் வலித்திருக்கும் போல, பெட்டியைக் கொடுங்க, நான் தூக்குறேன் என்று கேட்டேன். "தூக்கிக்கோ. அடுத்த வீடு வந்ததும் கொடுத்துடணும்" என்றார். வாசிக்கிற நேரத்தில் அது அவரிடம்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் எங்கே போய் நிற்கிறது தெரியுமா? சமீபத்தில் ஒரு போட்டோகிராஃபர் மாஸ்டரின் மகளுக்கு போன் செய்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு அக்கார்டியன் வாடகைக்குக் கிடைக்குமா, "விண்டேஜ் லுக்" வேண்டுமாம். வேலை செய்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை பரணில் எத்தனை பெட்டி தூங்குகிறதோ தெரியாது, ஆனால் எனக்குத் தெரிந்து இரண்டு அக்கார்டியன்கள் ஹோட்டல் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டன. வாத்தியத்தை ஷோகேஸில் வைத்தோம். இப்போது வாசிப்பவரையும் வைத்திருக்கிறோம். பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, வார் அவிழ்க்காமல்.

ஷால் போட்டீர்கள், நினைவுப்பரிசு கொடுத்தீர்கள். வாசிப்புக்கான சம்பளம் எவ்வளவு கொடுத்தீர்கள்? கீபோர்டு பையனுக்குக் கொடுத்திருப்பீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். மாஸ்டருக்கு ஆட்டோ காசு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். வாசிக்கவில்லை என்பதால் சம்பளம் இல்லை என்பது உங்கள் கணக்கு என்றால், வாசிக்க விடாதது யார்?

விழா முடிந்து மறுநாள் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பேஸ் பக்கம் ஒரு பட்டன் ஒட்டுகிறது என்று கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகக் கோபப்படும் உரிமையை அவர் எனக்குக் கொடுத்தாரா என்று சிலர் கேட்பீர்கள். கொடுக்கவில்லை. இது என் கோபம். என் தொழிலில், என் மேடையில், என் வாத்தியத்தின் சத்தத்தை வைத்து நடந்த விஷயம்.

அடுத்த மாதம் இதே மாதிரி ஒரு பழைய பாட்டு நிகழ்ச்சிக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதிலும் ஒரு மூத்த அக்கார்டியன் கலைஞரை "ஸ்பெஷல் கெஸ்ட்" என்று போட்டிருக்கிறார்கள். நேற்றே பதில் அனுப்பிவிட்டேன். அவருக்கு இரண்டு மைக், இரண்டு நாள் ரிகர்சல், எனக்குத் தருகிற அதே சம்பளம். இதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன். அவர் மேடையில் இருக்கும்போது அக்கார்டியன் பீஸை நான் கீபோர்டில் வாசிக்க மாட்டேன். அவர் ஒரு இடத்தை விட்டால், அந்த இடம் விட்டபடியே இருக்கும். இன்னும் பதில் வரவில்லை.