ஜெனீவாவுக்கு நாள் வேறு

சுவிட்சர்லாந்தில் நன்றி, மனந்திரும்புதல், மன்றாட்டு நாள் எனும் உபவாச நாள் நாடு முழுக்கச் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு என்று ஒரு கட்டுரை சொல்கிறது. மூன்றாம் ஞாயிறு என்பது சரிதான். கன்டோன்களின் (அந்நாட்டு மாநிலங்களின்) கூட்டவை 1832இல் முடிவு செய்த தேதி அது. ஆனால் 'நாடு முழுக்க' என்று எழுதியது தவறு. ஜெனீவாவில் உபவாச நாள் வியாழக்கிழமை.

பலர் சறுக்குவதும் அங்கேதான். செப்டம்பரின் முதல் வியாழன் அல்ல, முதல் ஞாயிற்றை அடுத்து வரும் வியாழன். 2022இல் செப்டம்பர் 1 வியாழன். முதல் ஞாயிறு 4. ஆகவே விடுமுறை 8ஆம் தேதி. வோ கன்டோனில் மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாள் திங்களும் விடுமுறை, அந்த ஆண்டு 19.

உபவாசம் என்றாலும் இப்போது அடுப்பில் வேகிறது பிளம்ஸ் டார்ட்! முன்பு முதல் நாளே சுட்டு வைத்து, சாப்பாட்டுக்குப் பதில் அதையே சாப்பிட்டார்கள். 28 செ.மீ. தட்டுக்குச் சுமார் ஒரு கிலோ நீளவாக்கு நீலப் பிளம்ஸ் பிடிக்கும். கொட்டை நீக்கி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்குங்கள். கவிழ்த்தால் சாறெல்லாம் மாவில் இறங்கி அடி சொதசொதவென்று ஆகிவிடும். மாவின் மேல் இரண்டு மூன்று கரண்டி பாதாம் பொடி தூவினால் சாற்றை அது குடித்துக்கொள்ளும். சர்க்கரையைச் சுட்ட பிறகு போடுங்கள். முன்பே போட்டால் பழம் இன்னும் நீர் விடும்.