முதலில் ரோடு, அப்புறம் குழாய்

மூன்று வாரம்கூட ஆகவில்லை. தார் வாசனையே இன்னும் போகாத தெருவை இன்று காலை பொக்லைன் வைத்துக் கிழித்துவிட்டார்கள். எதற்கு என்று கேட்டால், குடிநீர்க் குழாயாம். "இதை ரோடு போடுவதற்கு முன்னாடியே பதித்திருக்கலாமே?" என்றேன். "அது வேற டிபார்ட்மென்ட் சார்." அவ்வளவுதான் பதில்.

வேற டிபார்ட்மென்ட்! பணம் மட்டும் என் வரியிலிருந்து தானே இரண்டுக்கும் போகிறது?

நிதி இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே இருக்கிற நிதியை ஆண்டு முடிவதற்குள் தீர்த்தாக வேண்டும், அதுதான் அவசரம். மிச்சம் வைத்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வருஷ ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள். அதனால் பதினோரு மாதம் தூங்கிய கோப்பு, பன்னிரண்டாவது மாதம் ஓட்டமாக ஓடுகிறது. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் கணக்கை ஆராய்ந்தபோது, நிதியாண்டின் கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப்போல் சுமார் 5 மடங்கு இருந்ததாம். சரி, நோய் ஊர் பார்த்து வருவதில்லை.

தோண்டினதாவது போகட்டும், மூடுகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! மண்ணை 15, 20 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததைக் கொட்ட வேண்டும். இவர்கள் தோண்டிய சகதியையே மொத்தமாகத் தள்ளி, மேலே பொக்லைன் வாளியால் நாலு தட்டு தட்டினார்கள். முதல் மழைக்கு அது உள்வாங்கும். விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் பக்கத்தில் இருக்கிற நல்ல தாரும் ஜல்லியை விட்டுக் கழன்றுகொண்டு வரும்.

இன்னொரு கூத்து, பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுசு போடுவது. முன்பு என் வாசலில் மூன்று படி இருந்தது, இப்போது ஒன்று. பாதாளச் சாக்கடை மூடி ஒரு சாண் பள்ளத்தில் கிடக்கிறது. இரவில் வண்டியில் வருகிறவனுக்கு அதுவே பொறி.

ரோடு போட்ட காண்ட்ராக்டரிடம் கேட்டால், "வெட்டின ரோட்டுக்கு நான் பொறுப்பில்லைங்க" என்கிறார். குழாய்க்காரரோ, "மூடியாச்சு, பில் போட்டாச்சு" என்கிறார். தெருமுனையில் பளபளவென்று ஒரு பலகை நிற்கிறது. பணி முடிந்த தேதி, செலவான தொகை, பராமரிப்புக் காலம், எல்லாம் அதில் இருக்கிறது. அதன் காலடியில்தான் இப்போது மண்ணைக் குவித்து வைத்திருக்கிறார்கள்.