"தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது இரவு பத்தரை. இடையில் பதினான்கு முறை படியேறினேன். முழங்கால் இன்னும் அதற்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கரண்ட் போனால் தண்ணீர் ஏன் நிற்க வேண்டும் என்று அன்று பலர் கேட்டார்கள். இருபது ஆண்டாக இங்கேயே குடியிருப்பவர்கள்! தெருக்குழாயின் அழுத்தம் கீழ் மாடிகளுக்குத்தான் எட்டும். மேலே இருப்பவர்களுக்கு, பம்ப் மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றிவிடும் தண்ணீர்தான் இறங்கி வருகிறது. பம்ப் நின்றால் தொட்டியில் மிச்சம் உள்ளவரைதான். 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் ஏறக்குறைய 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் தடைபட்டது. அதை 38 நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். தொட்டி வற்ற நேரமில்லை, பாதிப்பேர் தூக்கத்திலேயே இருந்தார்கள். இந்த முறை மாலை ஐந்து மணிக்கே எங்கள் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டதும் பத்துப் பேர் சேர்ந்தோம். கீழ்த்தளத்தில் துப்புரவுப் பணிக்கென்று ஒரு குழாய் உண்டு, ஆனால் அதற்குப் பூட்டு. விடுமுறை நாளிலும் வந்து திறந்துவிட்டவர் ஒரு வங்காளதேச ஊழியர். நான்கு மணி நேரம் குனிந்தபடி நிரப்பிக் கொடுத்தவரும் அவர்தான். நாங்கள் பகிர்ந்த படத்தில் அவர் இல்லை. படம் எடுத்தவரே அவர்!

ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பா, கைக்கு ஒன்று. மொத்தம் பத்துக் கிலோ. 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி சிங்கப்பூரில் வீட்டில் ஒருவர் ஒரு நாளில் செலவழிப்பது 141 லிட்டர். ஒன்பதாம் மாடியில் மூச்சு வாங்கியபோதுதான் அந்த எண்ணின் கனம் எனக்கு உறைத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. முதல் சுற்றில் கதவைத் தட்டி, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டோம். இளம் குடும்பங்கள் தயங்காமல் வாங்கிக்கொண்டன. ஒரு வீட்டில் மீன்தொட்டிக்கும் சேர்த்துக் கேட்டார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் மட்டும், சொல்லிவைத்தாற்போல், "வேண்டாம், இருக்கிறது" என்றார்கள். நாங்களும் நம்பி நகர்ந்தோம்.

பன்னிரண்டாம் மாடியில் ஒரு தமிழ்ப் பாட்டி. "இருக்கிறதப்பா, வேறு யாருக்காவது கொடு" என்றார். பின்னால் வந்த என் மனைவி காதில் வாங்காதவள்போல, "குடம் எங்கே அம்மா?" என்று கேட்டபடி அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே ஓர் எவர்சில்வர் சொம்பு, மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. உள்ளே அரைச் சொம்புத் தண்ணீர். ராத்திரி மாத்திரைக்காம். குளியலறை வாளி காய்ந்து கிடந்தது.

1963இல் தொடங்கி இங்கே பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு இருந்ததே, அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. "வரிசையில் வாளியை வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். யாரிடமும் போய்க் கேட்டதில்லை" என்றார். அதில் பெருமையும் இருந்தது, கூச்சமும் இருந்தது.

இரவு எட்டு மணிக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரே ஒரு செய்தி: உதவி தேவைப்படுவோர் இந்த எண்ணுக்கு அழைக்கவும். கேட்கக் கூசுகிறவர், அதுவும் சார்ஜ் இறங்கிய கைப்பேசியோடு, எப்படி அழைப்பார்? எரிச்சலாக வந்தது.

கேட்காமல் வீட்டுக்குள் நுழைவது அத்துமீறல் என்கிறார் தொண்டூழியத்தில் பழுத்த நண்பர் ஒருவர். சரிதான், எல்லா வீட்டிலும் என் மனைவியைப்போல் நுழைந்துவிட முடியாது. அதனால் அடுத்த சுற்றில் வாசலிலேயே நின்று, கேள்வியை மட்டும் மாற்றினோம்: "வாளியைக் கொடுங்கள், ஊற்றிவிட்டுப் போகிறேன்." முன்பு மறுத்த எட்டு வீடுகளில் ஆறு வீட்டிலிருந்து வாளி வந்தது. ஒரு சீனத் தாத்தா வாயே திறக்கவில்லை. சிவப்பு வாளியைக் காலால் மெல்ல எங்கள் பக்கம் தள்ளினார்.

எங்கள் எண்ணெய் டப்பா இரண்டும் இன்னும் பாட்டி வீட்டில்தான் இருக்கின்றன. போன வாரம் எடுக்கப் போனேன். "இருக்கட்டும், அடுத்த தடவைக்கு ஆகும்" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.