அந்தச் சிரிப்பை முதலில் இறக்குங்கள்

இன்னொரு தேயிலை விளம்பரப் பலகை ஏறிவிட்டது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பாதையில், வளைவுக்கு மேலே. பார்த்திருப்பீர்கள். கொழுந்து எடுக்கும் ஒரு பெண்: சிவப்புச் சேலை, கை நிறையக் கண்ணாடி வளையல், முதுகில் பிரம்புக்கூடை, பல் தெரியச் சிரிப்பு.

எத்தனை வருசத்துக்கு இதே பொய்?

கூடையைப் பாருங்கள். இன்று மலையில் அதிகம் முதுகில் தொங்குவது நைலோன் சாக்கு. சரி, கூடை என்றே வைப்போம். விளிம்புக்கு மேலே கோபுரமாக அமுக்கி நிரப்பியிருக்கிறார்கள். அப்படி அமுக்கினால் கொழுந்து உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துபோகும், பக்டரியில் கழித்துவிடுவார்கள். கையைப் பாருங்கள். இரண்டு விரலால் ஒற்றை இலையைத் தொட்டபடி நிற்கிறாள், அதுவும் முற்றல் இலை! எடுக்க வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். இரண்டு கையும் ஓடும், பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னே வீசுவார்கள். செடியின் மேல்மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்பு எங்கே? இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு எங்கே? படங்கு கட்டாமல் செடி நிரைக்குள் இறங்கினால் மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி, சேலையைக் கிழிக்கும், பனியில் இடுப்புவரை நனையும். அட்டை ஏறும் காலைப் படத்திலேயே காணோம், முழங்காலோடு வெட்டிவிட்டார்கள்.

தராசும் இல்லை. ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிவது அங்கேதான். சொன்ன நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தேயிலை வரும். அந்தப் பாரத்தை எந்தப் பலகை காட்டியது?

தெரியாமல் செய்த பிழை இல்லை இது. 1932இல் இங்கே அமைத்த சபையின் பெயரே தேயிலைப் பிரசார சபை. அதற்கும் முன்னால், 1890இல் தோட்டங்களை வாங்கிய லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு என்று விளம்பரம் செய்து விற்றார். நேரே என்ற அந்த ஒரு சொல்லில் கங்காணி, தராசு, தொழிலாளர் குடியிருக்கும் லயம் எல்லாம் மறைந்துபோயின.

இன்றைக்கும் அதே வேலைதான். பெட்டியிலுள்ள சிங்க முத்திரை சொல்வது, உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்பதை. கூலியைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் பக்கத்தில் சிரித்த முகத்தைப் போட்டதும், வாங்குகிறவர் மனசு இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது: நல்ல தேயிலை, சந்தோசமான சனம். பிறகு கெமராவோடு வருகிறவர் கொழுந்து எடுக்கும் பெண்ணை நிறுத்தி, சிரிக்கச் சொல்கிறார். சிரிக்காவிட்டால் அவருக்கு அது மலையகமே இல்லை.

வயிறு எரிவது வேறொன்றுக்கு. லயத்துப் பிள்ளையிடம் சித்திரப் பாடத்தில் தோட்டத்தை வரையச் சொல்லிப் பாருங்கள். சாக்கும் படங்குமாக விடியலில் இறங்கும் அம்மாவைத் தினம் பார்க்கிற பிள்ளை, பிரம்புக்கூடையும் சிவப்புச் சேலையும் வரைகிறது. வாய்க்கு ஒரு பெரிய வளைவு.

அந்தப் பலகைக்கு இரவு முழுக்க லைட் எரிகிறது. அதற்குக் கீழே மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு ஒரு தகரக்கூரை போட இத்தனை வருசமாக யாருக்கும் தோன்றவில்லை.