தலைப்பைச் சின்னதாக்குங்கள்

பொங்கல் முடிந்தால் மதுரைக் கல்லூரிகளில் கருத்தரங்கு சீசன். பொருளியல், அரசியல் அறிவியல் துறைகளிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பிதழ்களில் அடிக்கடி கண்ணில் படுவது ‘உலக அரசியல், பொருளாதாரச் சவால்கள்’. பன்னாட்டுக் கருத்தரங்கு என்று போட்டிருக்கும். அந்தப் பன்னாடு பெரும்பாலும் ஜூமில் வரும் ஒரு பேராசிரியர்தான்.

இவ்வளவு பெரிய தலைப்பில் ஒரு வசதி, யாரும் தப்பாகப் பேசவே முடியாது. உலகமயமாதலில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்று முடித்தால் கைதட்டல், பொன்னாடை. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடியவே பதினொன்றரை ஆகிவிடும். அப்புறம் சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்று வெட்டுப்படுவது கேள்வி நேரம்.

பேராசிரியர்களை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. கல்லூரித் தரத்துக்கு நாக் அமைப்பு போடும் மதிப்பெண், பதவி உயர்வுப் புள்ளி என்று அவர்களுக்கும் நெருக்கடி. ஆனால் தலைப்பைச் சுருக்கினால் எந்தப் புள்ளியும் குறையாதே?

போடி ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் போய்ப் பார்த்துவிட்டு சாயந்திரம் திரும்பிவிடலாம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் அங்கே நடக்கிறது. கேரளத்து இடுக்கி மலையில் பெய்யும் மழை மட்டும் அந்த விலையைத் தீர்மானிப்பதில்லை. உலகிலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் நாடு குவாத்தமாலா. அரபு நாடுகளில் காபியில் போடுகிற ஏலக்காயை விற்பதில் குவாத்தமாலாவும் நாமும் போட்டி. குவாத்தமாலாவில் விளைச்சல் படுத்தால் இங்கே விலை நிமிரும். சரி, விலை நிமிரும்போது, விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, தோட்டத்தில் காய் பறித்துவிட்டு இரவு வீடு திரும்பும் போடி, தேவாரம் பெண்களின் கூலியும் நிமிர்கிறதா? இந்த ஒரு கேள்வியில் சர்வதேச வணிகம், தொழிலாளர் உரிமை, இரு மாநில அரசியல் மூன்றும் இருக்கின்றன. எம்.ஏ. பொருளியல் மாணவருக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டியும் அப்படித்தான். தீப்பெட்டிக்குப் போட்டியாக வந்த, 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்று பிறகு புகார் கிளம்பியது. செங்கடலில் ஏமன் நாட்டு ஹவுதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க, ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதே, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்று தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களைக் கேட்டாலே ஒரு அமர்வு ஓடிவிடும்.

இதெல்லாம் உள்ளூர் விஷயம், பன்னாட்டுக் கருத்தரங்கு ஆகாது என்பார்கள். குவாத்தமாலாவும் சவுதியும் வருகிற தலைப்பு பன்னாட்டு இல்லையா?

என் யோசனை இதுதான். மேடையில் ஒரு ஏலக்காய் வியாபாரி, தோட்டத்துக்குப் போகும் ஒரு அக்கா, ஒரு பொருளியல் பேராசிரியர். மூவரும் பத்துப் பத்து நிமிடம் பேசட்டும். மீதி நேரம் முழுக்க மாணவர்கள் கேட்கட்டும். அந்த அக்காவுக்கு அன்றைய கூலியையும் பஸ் செலவையும் கல்லூரியே கொடுக்கட்டும், பொன்னாடைக்கு ஒதுக்கிய காசே போதும்.