மூச்சுப் பயிற்சி வேண்டாம், ஆள் கொடுங்கள்

இன்றைக்கும் அதே மெயில். 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி?' கட்டாய வகுப்பு, அதுவும் மதிய இடைவேளையில். நிம்மதியாகச் சாப்பிடும் நேரத்தையும் பிடுங்கிக்கொண்டு என்ன மனநலம்?

மூன்று பேர் பார்த்த வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன். போனவர்கள் இடத்துக்கு ஆளே எடுக்கவில்லை. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் 'ஒரு சின்ன விஷயம்'. லீவு போட்டாலும் போன். காய்ச்சல் என்றால், 'லேப்டாப் பக்கத்துலதானே இருக்கு?' மூச்சை இழுத்து விட்டால் இதெல்லாம் சரியாகிவிடுமா?

பர்ன்அவுட் என்பது, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. பணியிட அழுத்தம்! அப்புறம் ஏன் என்னையே திருத்தப் பார்க்கிறீர்கள்? தீராத சோர்வு, வேலைமேல் கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்ய முடியாத நிலை என்று அவர்கள் சொன்ன மூன்றும் எனக்கு இருக்கிறது. மூன்றாவதுதான் கொடுமை. ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை இது. இப்போது ஒரு மெயிலைத் திறக்கவே கை நடுங்குகிறது.

பக்கத்து சீட்டுப் பெண் போன வாரம் பாத்ரூமில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேராக மீட்டிங்குக்குப் போனாள். என்னம்மா ஆச்சு என்று ஒருத்தராவது கேட்டார்களா? வகுப்புக்கு வராதவர்கள் பட்டியலை மட்டும் கேட்கிறார்கள்.